இரண்டாவதாக வந்தவள்

போளூரிலிருந்து மலைக்கு வரும் பஸ் எங்கள் ஊர்த் திருப்பத்தில் நின்றபோது நாங்கள் வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தோம். மாசி மாதத்து வெயில். அம்மா, நான், கொஞ்சம் தள்ளி அண்ணன். நகக்கண்ணெல்லாம் புளிப்பு ஏறி, எதைத் தொட்டாலும் விரல் எரிந்த நாட்கள்.

பஸ்ஸிலிருந்து ஒரே ஒரு பெண் இறங்கினாள். நேராக ரோட்டோரம் போய்க் குனிந்து வாந்தி எடுத்தாள். கொண்டை ஊசி வளைவுகள் பழகாத கீழ்நாட்டுக்காரர்கள் பலருக்கும் நடப்பதுதான்.

"யாருன்னு தெர்ல, பாவம். தண்ணி எடுத்துனு போய் குடு பாப்பா" என்றாள் அம்மா.

செம்போடு போனேன். பாதி வழியில் அவள் நிமிர்ந்தாள். பரிமளா.

என் கால் அங்கேயே நின்றுவிட்டது. என்னிடமிருந்து எடுக்கப்பட்ட தங்க மெடல் அவளுக்குத்தான் போயிருந்தது. ஊக்கமருந்து எடுத்தவள் என்று டி.வி.யில் என் பெயர் வந்த பிறகு, என்னோடு ஓடிய ஒருவரும் எங்கள் மலைக்கு வந்ததில்லை. பல பேர் போன்கூடச் செய்யவில்லை. முதலில் வந்து இறங்கியவள் இவள்.

இந்தத் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து வாசகர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான். மருந்து விஷயத்தை எப்போது எழுதுவீர்கள்? நேரில் பார்ப்பவர்கள் கேட்கத் தயங்குவதை இவர்கள் தயங்காமல் கேட்டுவிடுகிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. இந்த வாரம் அதைத்தான் எழுதப்போகிறேன். ஆனால் அதை எழுத வேண்டுமென்றால் பரிமளாவை எழுதியாக வேண்டும்.

எனக்குச் செருப்பு இருந்தது

அதற்கு முன் ஒரு சின்ன விஷயத்தைச் சரிசெய்துவிடுகிறேன்.

நான் ஜெயிக்க ஆரம்பித்த காலத்தில், ஜவ்வாது மலையில் வெறுங்காலோடு ஆடுகளைத் துரத்தி ஓடிப் பழகியவள் என்று என்னைப் பற்றி எழுதினார்கள். எங்கள் வீட்டில் ஆடே இல்லை. ஆடு என்றால் எனக்குப் பயம். சின்ன வயதில் ஒரு கிடா முட்டித் தள்ளியிருக்கிறது. அப்பா வருஷா வருஷம் ஜமுனாமரத்தூர் சந்தையில் எனக்கு ரப்பர் செருப்பு வாங்கித் தருவார். ஒருமுறை பேட்டியில் இதைச் சொல்லியும் பார்த்தேன். செருப்பை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் போட்டார்கள்.

நான் ஓட ஆரம்பித்தது ஒரு பஸ்ஸால். தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வரும் பஸ்ஸில் மூச்சுவிட இடமிருக்காது. பஸ் ரோடு மலையைச் சுற்றிச் சுற்றி வரும். காட்டு வழியாக ஒரு குறுக்குப் பாதை உண்டு. நான் பையைத் தோழியிடம் கொடுத்து பஸ்ஸில் அனுப்பிவிட்டுக் குறுக்கே ஓடிவந்து, பஸ் வருவதற்கு முன்னால் எங்கள் திருப்பத்தில் நின்று பையை வாங்கிக்கொள்வேன்.

அந்த பஸ்ஸில் எங்கள் பி.டி. மிஸ்ஸும் வருவார். பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்த பொண்ணு பஸ்ஸுக்கு முன்னால் வந்து நிற்பதை ரொம்ப நாள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு, போட்டிக்குப் பேர் கொடுத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னார். என்னிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். கேட்காமல் விட்டதற்கு அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

பின்னால் கேட்கும் மூச்சு

பரிமளாவை முதலில் பார்த்தது திருவண்ணாமலையில், மாவட்டப் போட்டியில். கலசப்பாக்கம் பக்கம் அவளுக்கு ஊர். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். அவள் அப்பா அவளை பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு வருவார். டிபன் பாக்ஸில் வேகவைத்த முட்டை இருக்கும். ஓட்டம் முடிந்ததும் அவரே ஓடு உரித்துக் கொடுப்பார்.

நான் முதல், அவள் இரண்டாவது. வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று எங்கே போனாலும் அதேதான். நான் அவளைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். எனக்குப் பின்னால், இடது பக்கம், குக்கர் விசிலுக்கு முன்னால் சீறுமே, அப்படி ஒரு மூச்சு வரும். அது நெருங்கினால் நான் வேகம் கூட்டுவேன். என்னை ஓடவைத்ததே அந்த மூச்சுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் பேசிக்கொண்டதில்லை. எனக்குத் தலைக்கனம் என்று அவள் நினைத்தாள். மலைக்காரி என்று என்னை இளக்காரமாகப் பார்க்கிறாள் என்று நான் நினைத்தேன். ஒருமுறை மைதானத்தில், இந்த மலைக்காரப் பொண்ணு காட்டில் ஏதோ வேர் தின்றுவிட்டு வருகிறாள் என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பரிமளா சிரிக்கவில்லை. ஆனால் தப்பு என்றும் சொல்லவில்லை. ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு சென்னையில் ஒரே பயிற்சி முகாமில் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தார்கள். அங்கே இருந்த மாஸ்டர் நல்ல பயிற்சியாளர். கண்டிப்பானவர்; எங்களுக்குச் சாப்பாடு போதவில்லை என்றால் கேன்டீனில் சண்டை போடுவார். தேசியப் போட்டிக்கு முன்னால் எங்கள் இருவருக்கும் ஆளுக்கு இரண்டு டப்பா சத்துப் பவுடர் கொடுத்தார். ஒன்று முகாமில் குடிக்க, ஒன்று ஊருக்குப் போய்க் குடிக்க. பாலில் கலந்தால் சாக்லேட் வாசனை வரும். டப்பாவில் எழுதியிருந்ததை எல்லாம் படித்துப் பார்த்தேன். தடை செய்யப்பட்டது எதுவும் அதில் இல்லை. எனக்கு அந்த ருசி பிடித்துப்போய், ஒன்றுக்கு இரண்டு ஸ்பூனாகப் போட்டு முகாமிலேயே இரண்டு டப்பாவையும் காலி செய்தேன்.

பத்தாயிரம் மீட்டரில் தங்கம் வாங்கினேன். பரிமளா வெள்ளி. அன்றைக்கு முதலில் வந்தவளை மட்டும் சிறுநீர் சோதனைக்கு அழைத்தார்கள். சிரித்துக்கொண்டே போனேன்.

அம்மா கேட்ட கேள்வி

சில வாரம் கழித்து போன் வந்தது. எங்கள் ஊரில் சிக்னல் கிடைக்கும் இடம் ஒரு பாறைமேடு. அங்கே நின்றுதான் கேட்டேன். சோதனையில் ஊக்கமருந்து இருப்பதாக வந்திருக்கிறது, இனி எந்தப் போட்டியிலும் ஓடக் கூடாது, மைதானத்தில் மற்றவர்களோடு பயிற்சியும் செய்யக் கூடாது என்றார்கள். மருந்தின் பெயரை அவர்கள் சொன்னபோது என்னால் திருப்பிச் சொல்லக்கூட முடியவில்லை. அன்றைக்கே தனியாகப் பிரித்து மூடிவைத்திருந்த இரண்டாவது சிறுநீர் மாதிரியையும் திறந்து பார்த்தார்கள். அதிலும் அதேதான். மெடலை வாங்கிக்கொண்டு, சில வருஷத்துக்குத் தடையும் போட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பலரும் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அண்ணனின் போனில் பரிமளாவின் பேட்டியும் வந்தது. கஷ்டப்பட்டு ஓடுகிறவர்களுக்கு என்றைக்காவது பலன் கிடைக்கும் என்று மைக்கைப் பார்த்துச் சொன்னாள். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, எல்லாருக்கும் புரிந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்ன அன்று அப்பா சாமை விதைத்திருந்த கொல்லைக்குப் போய்விட்டார். அம்மா என்னை அடுப்பங்கரைக்கு இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தாள். எடுத்தாயா இல்லையா என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அந்த மருந்து உள்ள போனா உடம்புக்கு இன்னா பண்ணும்? பின்னால கொழந்த குட்டிக்கு எதுனா ஆவுமா?"

அவ்வளவுதான் கேட்டாள். நான் செய்தேனா என்ற கேள்வி அவள் வாயிலிருந்து அன்றும் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. பெரிய பெரிய ஆட்கள் என்னை விசாரித்திருக்கிறார்கள். என் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டுக் கேட்டது அவள் ஒருத்திதான். அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. போன் வந்த நாளில்கூட வரவில்லை.

கிணறு வரைக்கும்

இனி அந்த மாசி மாதத்து வாசலுக்கு வருகிறேன்.

பரிமளா தண்ணீரை வாங்கி வாய் கொப்பளித்து, முகம் கழுவி, மீதியைக் குடித்தாள். என்னிடம் பேச வேண்டும், அதற்காகத்தான் வந்தேன் என்றாள். வீட்டுக்கு அழைத்து வந்தேன். யார் என்று சொன்னதும் அண்ணன் முகம் மாறி எழுந்து உள்ளே போய்விட்டான். அம்மா மட்டும், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லி அடுப்பைப் பார்க்கப் போனாள்.

பரிமளா புளிக் குவியலின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணன் விட்டுப்போன கட்டையை எடுத்து அவளும் தட்ட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் புளியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

மாஸ்டர் கொடுத்த டப்பாவை என்ன செய்தாய் என்று கேட்டாள். தீர்ந்துபோனது, காலி டப்பாவை முகாமிலேயே போட்டுவிட்டு வந்தேன் என்றேன்.

"எங்கிட்ட ஒண்ணு இருக்குது. சீல் பிரிக்கல."

போட்டி முடிந்து ஊருக்குப் போனதும் அவளுக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. பிறகு கணுக்காலில் வலி. பயிற்சியும் இல்லை, பவுடரும் இல்லை. இரண்டாவது டப்பா அப்படியே இருந்திருக்கிறது. என் செய்தி வந்தபோது அவளுக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த டப்பாதானாம். நான் வேறு மருந்து, மாத்திரை எதுவும் சாப்பிடாதவள் என்பது முகாமில் ஒரே அறையில் இருந்த அவளுக்குத் தெரியும். கடலை மூட்டைகளுக்குப் பின்னால் மறைத்து வைத்தாள். அவள் அப்பா கண்டுபிடித்து, கிணற்றில் போடு என்றார். டப்பாவை எடுத்துக்கொண்டு கிணறு வரைக்கும் போய், திரும்பி வந்திருக்கிறாள்.

"இவ்ளோ நாளு ஏன் சொல்லல?" என்றேன்.

அவள் கட்டையைக் கீழே வைத்தாள். தங்க மெடலை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்கு ஒரு வேலை வரப்போகிறது என்றும், எல்லாச் சான்றிதழும் சரிபார்த்துவிட்டார்கள் என்றும் சொன்னாள்.

"ஆர்டர் கைக்கு வரட்டும், அப்பறமா சொல்லிக்கலாம்னு இருந்தேன். ஆர்டர் வந்துட்டா நான் சொல்ல மாட்டேன்னு எனக்கே தெரிஞ்சிபோச்சி. அதான் வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டேன்."

அவளைக் கட்டிப்பிடித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. அத்தனை மாதம் நான் பாறைமேட்டில் நின்று யார் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தபோது, என்னைக் காப்பாற்றக்கூடியது கடலை மூட்டைக்குப் பின்னால் இருந்திருக்கிறது. எழுந்து வீட்டுக்குப் பின்னால் பலா மரத்தடிக்குப் போய் நின்றேன்.

அங்கிருந்து பார்த்தால் வாசல் தெரியும். அவள் எழுந்து போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. மறுபடி கட்டையை எடுத்துத் தட்டினாள். தட்டும்போது கட்டையை விரல்மேல் போட்டுக்கொண்டாள். நசுங்கிய விரலில் புளி பட்டால் எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். விரலை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வரப்போகிற வேலையை விட்டுவிட்டு, அப்பாவை எதிர்த்துவிட்டு, வாந்தி எடுத்துக்கொண்டு மலையேறி வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீர் கொண்டுபோய் அவள் விரலில் ஊற்றினேன்.

"நீயும் குடிச்சேன்னு சொல்ல வேண்டி வரும். மெடலு போய்டும்."

"போவட்டும். அத மாட்டிக்கினு ஒரு போட்டோ கூட எடுக்கல நானு."

உள்ளேயிருந்து அண்ணன் வந்தான். வண்டிச் சாவியை எடுத்தான். அன்றைக்கே டப்பாவை வாங்கி வந்துவிட வேண்டும், அவள் மனசு மாறுவதற்குள் என்று அவனுக்கு அவசரம். அம்மா அவனை அதட்டி உட்காரவைத்தாள். எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் கிளம்பினார்கள்.

எங்கள் வழக்கு

திருப்பத்தூரில் ஒரு வக்கீலம்மா தடையை எதிர்த்து எங்களுக்காக மேல்முறையீட்டில் வாதாட ஒப்புக்கொண்டார். விசாரணை கம்ப்யூட்டர் வழியாகத்தான் நடந்தது. அவர் அலுவலக அறையில் மேஜைக்கு முன்னால் நானும் பரிமளாவும் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்தோம். திரையில் மூன்று பேர்.

டப்பாவை சீல் பிரிக்காமல் சோதனைக்கூடத்துக்கு அனுப்பியிருந்தோம். லேபிளில் எழுதாத ஒன்று பவுடரில் இருந்தது என்றும், என் உடம்பில் கண்டதும் அதுவும் ஒன்றுதான் என்றும் அறிக்கை வந்தது. திரையில் இருந்தவர்களில் ஒருவர் பரிமளாவிடம், இதே பவுடரை நீங்களும் குடித்தீர்களா, இப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியுமா என்று கேட்டார். குடித்தேன், தெரியும் என்றாள். யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டார். இல்லை என்றாள்.

தீர்ப்பு பாதி எங்கள் பக்கம், பாதி விதிமுறையின் பக்கம். நான் வேண்டுமென்று ஏமாற்றவில்லை என்று எழுதினார்கள். ஆனால் உடம்புக்குள் போவதற்கு ஓடுகிறவரே பொறுப்பு என்றும் எழுதினார்கள். என் தடைக்காலம் பாதிக்கும் கீழே குறைந்தது. மெடல் திரும்பவில்லை. பரிமளாவுக்கு அவள் ஒப்புக்கொண்டதற்காகக் குறுகிய தடை. அவளிடமிருந்தும் மெடலை வாங்கிக்கொண்டார்கள். வேலையும் போனது. மூன்றாவதாக வந்த வெளிமாநிலப் பெண்ணுக்குத் தங்கம் போய்ச் சேர்ந்தது. நல்ல ஓட்டக்காரி அவள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவளுக்கு வாழ்த்து அனுப்பினோம்.

மாஸ்டர் தெரிந்து கொடுத்தாரா, தெரியாமல் கொடுத்தாரா? தெரியாது என்று அவர் அழுதார். நான் நம்புகிறேன். பரிமளா நம்பவில்லை. இன்றைக்கும் இதற்காக எங்களுக்குள் சண்டை வரும். பரிமளாவின் அப்பா இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. பைக்கில் வைத்து ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்.

என் பெயரைப் போனில் தட்டிப் பார்த்தால் இன்றும் முதலில் வருவது அந்தப் பழைய செய்திதான். தீர்ப்பு எங்கேயோ அடியில் கிடக்கிறது. இதை மாற்ற முடியாது என்று ஒத்துக்கொள்ளவே எனக்குச் சில வருஷம் பிடித்தது.

நாற்காலியில் இரண்டு பேர்

தடைக்காலத்தில் மைதானம் எங்களுக்கு இல்லை. காட்டு ரோடு இருந்தது. சனி, ஞாயிறுகளில் பரிமளா மலைக்கு வந்துவிடுவாள். இறங்கியதும் வாந்தி, பிறகு சூடாக ஒரு டீ, பிறகு ஓட்டம். மூடுபனியில் முன்னால் போகிற ஆள் தெரியாது. மூச்சுச் சத்தத்தை வைத்துத்தான் ஒருவரை ஒருவர் கண்டுபிடிப்போம். சாமைச் சோறும் கீரையும் அம்மா போடுவாள். வெளியில் எந்த டப்பாவையும் தொடுவதில்லை என்று இரண்டு பேரும் முடிவு செய்திருந்தோம். இருமல் வந்தால்கூட வெந்நீர்தான்.

தடை முடிந்து நாங்கள் திரும்ப ஓடினோம். என்னைப் பலமுறை சோதித்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றுமில்லை என்றே வந்தது. பழைய வேகம் மட்டும் எனக்குத் திரும்பவில்லை. பரிமளாவுக்கு வந்தது.

சென்னையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெரிய சாலை ஓட்டம். பாதி தூரத்தில் அந்தக் குக்கர் மூச்சு என் இடது பக்கம் வந்தது. வழக்கம்போல வேகம் கூட்டினேன். கால் கேட்கவில்லை. மூச்சு என்னைத் தாண்டிப் போனது. அத்தனை வருஷத்தில் முதல்முறையாகப் போட்டியில் அவள் முதுகைப் பார்த்தேன். பனியனின் பின்பக்கம் நனைந்திருந்தது. போடி, போ என்று வாய்விட்டே சொன்னேன்.

அவள் மூன்றாவது. நான் அவளுக்குப் பின்னால், ஆறாவதோ ஏழாவதோ. எல்லைக்கோட்டைத் தாண்டி நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது பரிமளா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். முகம் வெளிறியிருந்தது. சோதனைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். துணைக்கு ஓர் ஆள் கூட வரலாம் என்றார்களாம்.

"நீ வர்றியா?"

அந்த மாதிரி அறைக்குள்தான் என் வாழ்க்கை ஒருமுறை கவிழ்ந்தது. கதவருகே ஒரு நொடி நின்றேன். பிறகு அவளுக்கு முன்னால் நான் உள்ளே போனேன்.

தண்ணீர் பாட்டில்களை வரிசையாக வைத்திருந்தார்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தோம். பரிமளா ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்தாள். ஓடி முடித்த உடம்பு வியர்வையில் எல்லாவற்றையும் விட்டிருக்கும். சிறுநீர் அவ்வளவு சீக்கிரம் வராது. பயமாக இருக்கிறது என்று என் காதில் சொன்னாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். உங்கள் வீட்டில் கட்டிக்கொடுத்த சாமைச் சோறுதான், அதில் ஏதாவது இருந்தால் அம்மாவைத்தான் பிடிக்க வேண்டும் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. அடக்க அடக்க இன்னும் வந்தது.

மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மா தலை நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். துணைக்கு வந்தவர் யார் என்று எழுத வேண்டும் போலிருக்கிறது. பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு, அக்காவா, கோச்சா, இவங்க உங்களுக்கு யார் என்று பரிமளாவிடம் கேட்டார்.

பரிமளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு முன்னாடி ஓட்றவங்க மேடம்" என்றாள். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கி ஒரு நாளு மட்டும் பின்னாடி."